போலீஸ் வேனில் போன கணக்குப் பரீட்சை

என் எஸ்தர் கண்ணு,

உன்னை அடக்கம் செய்த அன்றைக்கே உன் அண்ணன் உன் கணக்குப் புத்தகங்களை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். "உங்ககிட்டத்தான் குடுக்கோணும்னு சொல்லிச்சுங்க" என்றார். இருபது வருஷம் பக்கத்துப் பக்கத்து வகுப்பறைகளில் பாடம் நடத்தியவர்கள் நாம். எப்படி மறுப்பேன்? ஓய்வு பெற்றவளுக்கு நேரத்துக்கா பஞ்சம் என்று, நீ போய்க்கொண்டிருந்த சிறுமியர் இல்லத்துக்கு நானும் போக ஆரம்பித்தேன்.

வழக்கில் சிக்கி விசாரணைக்குக் காத்திருக்கும் அந்தப் பிள்ளைகளில் ஒன்பது பேர் உன்னிடம் படித்தார்கள். இப்போது இரண்டே பேர். அதற்குக் காரணம் நான்தான், எஸ்தர்.

வள்ளியை நினைவிருக்கிறதா? இதை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் பெயரை மாற்றியிருக்கிறேன். அன்னூர்ப் பக்கத்துப் பிள்ளை. பத்தாம் வகுப்பில் கணக்கில் மட்டும் தோற்று, சரவணம்பட்டியில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றவள். சங்கிலி காணோம் என்று போலீஸில் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். நீ தேங்காய் பன்னை எட்டாக வெட்டிப் பின்னம் நடத்தியபோது, "மூணைத் தின்னுபோட்டனுங்க டீச்சர், மிச்சத்த நீங்களே கணக்குப் பண்ணிக்கோங்க" என்றாளே, அவள்தான். நானும் பன் வாங்கிப்போனேன். "எஸ்தர் டீச்சர் பன்னு இதைவிடப் பெருசுங்க" என்றாள்.

அந்த ஒரு தாளில் தேறினால் ஆஸ்பத்திரி வேலைக்கான பயிற்சியில் சேரலாம் என்று நீதான் அவளுக்கு ஆசை காட்டியிருந்தாய். அக்டோபர் தனித்தேர்வுக்கு நான் விண்ணப்பம் போட்டேன்.

போலீஸ் காவல் இல்லாமல் அவர்களை வெளியே அனுப்பமாட்டார்கள். நீ ஒரு வாரம் முன்பே ஸ்டேஷனுக்குப் போய்க் கெஞ்சுவாய். பெண் போலீஸைச் சாதாரணச் சேலையில் வரவழைத்து, டவுன் பஸ்ஸில் இரண்டு சீட் தள்ளி உட்கார வைப்பாய். பார்ப்பவர்களுக்கு அம்மாவும் மகளும் பரீட்சைக்குப் போவது போல இருக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? தெரிந்தும் ஸ்டேஷனில் போய்ச் சொல்லி வைக்கவில்லை.

பரீட்சையன்று காலையில் மழை. பஸ் வரக் காணோம். "அரை மணி முன்னால் போய் நில்" என்று பிள்ளைகளிடம் காலமெல்லாம் சொன்ன வாய் இது. "ஏனுங்க டீச்சர், ஸ்டேஷன் வேனு வாசல்லயே நிக்குது, எதுக்கு நனையறீங்க?" என்றார் இல்லத்துக் கண்காணிப்பாளர் அம்மா. ஏறிவிட்டேன். ஏறும்போது வள்ளி என் முகத்தைப் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேர்வுப் பள்ளியின் வாசலில், யூனிஃபார்மில் இருந்த பெண் போலீஸ் முதலில் இறங்கி அவள் கையைப் பிடித்தார். வழுக்கும் என்றுதான் பிடித்தார். கூட்டத்தில் அவள் ஊர்ப் பெண்கள் மூன்று பேர் நின்றிருந்தார்கள்.

"ஏ, நம்ம வள்ளிடி! திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போறான்னு அவங்கம்மா சொல்லுச்சு?"

"அதா, கம்பெனி வண்டி வந்திருக்குதே, பாரு!"

வள்ளி தேர்வு அறைக்குள் போனாள். கடைசி மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள். பதிவு எண்ணைத் தவிர ஒன்றும் எழுதவில்லை.

"தெரிஞ்ச கணக்குதானே, கண்ணு?"

"தெரிஞ்சதுதானுங்க. கை வரலீங்க."

அதற்குப் பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். "படிச்சா வண்டியில ஊர்கோலம் போகோணுமுங்களே" என்றாள் ஒருத்தி.

தை மாதம் வழக்குத் தள்ளுபடியானது. சங்கிலி அந்த வீட்டு பீரோவுக்குப் பின்னாலேயே கிடந்ததாம். அவளிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நானாவது கேட்க வேண்டாமா? அடுத்த தேர்வுக்கான விண்ணப்பத்தோடு போன மாதம் அவள் ஊருக்குப் போனேன். கடலைக்காட்டில் ஊர்ப் பெண்களோடு களை வெட்டிக்கொண்டிருந்தவள் வரப்புக்கு ஓடிவந்தாள். நான் கேட்க நினைத்ததைக் கேட்குமுன்பே பேசினாள்.

"ஆரு வந்திருக்கறதுன்னு கேக்கறாங்க டீச்சர். என்னன்னு சொல்லட்டுமுங்க?"

"உன் டீச்சர்னு சொல்லு."

"எந்தப் பள்ளிக்கூடத்து டீச்சருன்னு கேப்பாங்களே?"

நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய், எஸ்தர்?  நான் விண்ணப்பத்தை எடுத்து நீட்டினேன்.

"இனிமே வராதீங்க டீச்சர். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." விண்ணப்பத்தை அவள் தொடவே இல்லை.

மீதி இரண்டு பேருக்காக இல்லத்துக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். அவர்களாவது தேறுவார்கள் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். வள்ளிக்கு என்னால் செய்ய முடிவது ஒன்றுதான். சந்தையிலோ பஸ்ஸிலோ எதிரே வந்தால், அவளை முன்பின் பார்த்திராதவள் போலக் கடந்து போய்விடுவேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

உன் கூடப் பிறக்காத அக்கா,
சரோஜினி