மெத்தையும் ஓர் ஆணியும்

3 அக்டோபர் 1983, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். மேகம் கூடுகிறது, கலைகிறது. ரேஷன் சர்க்கரை இன்னும் வாங்கவில்லை.

பிரான்சிலிருந்து மகன் அந்தோணி கடிதம். பிள்ளைகள் விவரம் எழுதி வைக்கிறேன். தங்கை லூர்துவிடம் சொல்லும்போது ஒன்றும் விட்டுப்போகக் கூடாது.

பேரன் ரொபேர்: கணக்கில் வகுப்பிலேயே முதல். வாத்தியார் கூப்பிட்டுச் சொன்னாராம்.

பேத்தி செசில்: நீச்சலில் மெடல். கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை.

ரீத்தா, புதுச்சேரியில் இருக்கும் மகள் வயிற்றுப் பேத்தி: பிரெவே, பிரெஞ்சுப் பள்ளிக்கூடப் பரீட்சை, பாஸ். இந்தத் தெருவில் வேறு யார் வீட்டுப் பெண்?

அந்தோணி: பட்டாளத்தில் பதவி உயர்வு. அவன் அப்பா கடைசி வரை வெறும் சொல்தா, சாதாச் சிப்பாய். ஒரு மாதம் எங்கோ மலையில் பயிற்சி. அதுவரை மருமகள் மர்த்தீன்தான் கடிதம் படித்துப் பதில் போடுவாளாம்.

மர்த்தீனையும் சேர்க்க வேண்டியதுதான். ரெயூனியோன் தீவில் பிறந்தவள், வீட்டில் பிரெஞ்சுப் பேச்சு. இப்போது தமிழ் எழுதப் பழகுகிறாள். அடியில் ‘அன்புள்ள அத்தை’ என்று அவள் கையெழுத்து. ‘ள்ள’ ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கிறது. அதனால் என்ன.

அஞ்சாவது வரை படித்தவள் வயிற்றில் பிறந்த கூட்டம் இது.

வீட்டு விஷயம்: சந்தனசாமி தன் பழைய வீட்டைச் செப்பனிட்டு விற்கிறார். அந்தோணி எழுதியது: ‘வேலை ஒழுங்காகச் செய்திருக்கிறாரா என்று நீங்கள் பாருங்கள் அம்மா. சரியென்றால் நொத்தேரிடம் போய்ப் பத்திரம் எழுதி வாங்கிவிடலாம். டிசம்பரில் வருகிறோம். சொந்த வீட்டில்தான் இறங்குவோம்.’

சொந்த வீடு. இன்னொரு முறை எழுதிப் பார்க்கிறேன்: சொந்த வீடு.

5 அக்டோபர், புதன்

வெயில். லூர்துவோடு போய்ப் பார்த்தேன். கால் வலி.

சுவரெல்லாம் புதுப் பூச்சு, நீலம் போட்ட வெள்ளை. கதவுக்குப் பச்சை பெயிண்ட், இன்னும் கையில் ஒட்டுகிறது. அடுப்படியில் சிமெண்டு மேடை. நின்றபடி சமைக்கலாம். கிணறு நல்ல தண்ணீர், குடித்துப் பார்த்தேன்.

சந்தனசாமி பின்னாலேயே வந்தார். “பாருங்க பெரியம்மா, மேல மெத்தை முழுக்க புதுத் தளம். மாடியறையில புள்ளைங்க படுத்துக்கலாம். கடல்காத்து சும்மா பிச்சுக்கிட்டு வரும்.”

“காத்து வரட்டும், தண்ணி வருமா?” என்றாள் லூர்து.

“என்னங்க இப்படிக் கேக்குறீங்க.”

பையில் படம் கொண்டு போயிருந்தேன். அந்தோணி, மர்த்தீன், இரண்டு பிள்ளைகள், கண்ணாடி போட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து வாடகை வீடுதான். எந்த வீட்டுக்காரரும் ஆணி அடிக்க விட்டதில்லை. அவர் படம், மாதா படம், பேரப்பிள்ளைகள் படம் எல்லாம் டிரங்குப் பெட்டிமேல் சாய்ந்தே நிற்கின்றன. பெருக்கும்போது ஒன்று விழும். கூடத்தில் வெளிச்சம் விழுகிற சுவரில் ஒரே ஓர் ஆணி அடித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

“பத்திரம் முடியட்டும் பெரியம்மா. அப்புறம் எத்தனை ஆணி வேணாலும் அடிச்சுக்குங்க, நானே சுத்தி தர்றேன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சுவருக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார்.

ஒரு மழை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். வேறு ஆளும் கேட்கிறார்களாம். கேட்கட்டும்.

11 அக்டோபர், செவ்வாய்

இரவு முழுக்க மழை. காலையில் குடை பிடித்துச் சொல்லாமல் போய் நின்றோம்.

மாடியறை மூலையில் ஓர் அண்டா. சொட்டுச் சொட்டாக. உத்திரம் ஓரம் கறுத்திருக்கிறது. அடுப்படிச் சுவரில் முட்டி உயரத்துக்கு வெள்ளை மாவு மாதிரி பூத்து உதிர்கிறது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

லூர்து சத்தமாகச் சிரித்தாள். “அக்கா, கொழம்புல உப்புப் பத்தலன்னா இங்க வந்து சொரண்டிக்க.”

சந்தனசாமிக்குச் சிரிப்பு வரவில்லை. “கடக்கரை ஊருங்க. எந்தச் செவத்துலதான் உப்பு இல்ல? புதுப் பூச்சு இப்படித்தான் பூக்கும், காஞ்சா நின்னுடும்.”

“அண்டாவும் காஞ்சா நின்னுடுமா?”

“சும்மா இரு லூர்து” என்றேன். எனக்கு அந்த வீடு பிடித்திருந்தது. அதுதான் தொல்லை.

சாயங்காலம் பிரான்சுக்குக் கடிதம். ‘வீடு நல்ல இடம், நல்ல தண்ணீர். மெத்தைதான் மோசம். மழையில் ஊறி ஈரம் காயவில்லை. இதை வாங்கலாமா, விட்டுவிடலாமா, ஒரு வார்த்தை எழுதவும்.’ உப்பு பற்றி எழுதவில்லை. தபாலில் போட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்ததா, வேண்டாமென்று இருந்துவிட்டேனா தெரியாது.

19 அக்டோபர், புதன்

தூறல். துணி காயவில்லை. அவர் பன்சியோன் பணம் வாங்கப் போன ஆபீசில் கூட்டம், உட்கார இடமில்லை.

வீட்டுக்காரர் வந்தார். அவர் மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டுமாம். “தை வரைக்கும் பொறுக்குறேங்க, நீங்களும் பாத்துக்குங்க.” நல்ல மனிதர்தான். எல்லா வீட்டுக்காரர்களும் கடைசியில் நல்ல மாதிரியாகத்தான் சொல்கிறார்கள்.

மறுபடி சாமான் கட்டுவதை நினைத்தால் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கத் தோன்றவில்லை.

வாங்க: மண்ணெண்ணெய், கால்வலித் தைலம், கல்லறைக்கு மெழுகுவர்த்தி.

31 அக்டோபர், திங்கள்

மழை வெறித்திருக்கிறது. மர்த்தீன் பதில் வந்துவிட்டது. முழுக்கத் தமிழில், அவளே எழுதியது! எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதியிருக்கிறாள். நானும் கூட்டிக் கூட்டிப் படித்தேன்.

‘அன்புள்ள அத்தை. மெத்தை ஈரம் என்றால் கவலை வேண்டாம். நாம் புது மெத்தை போட்டுக்கொள்ளலாம். அதற்காக நல்ல வீட்டை விட வேண்டாம். பழையதை ஏழை யாருக்காவது கொடுங்கள்.’

எவ்வளவு பெரிய மனசு. லூர்துவிடம் காட்டினேன்.

“பழைய மெத்தைய எப்படிடி ஏழைக்குக் குடுக்கிறது?”

“பிரிச்சா உத்திரம், கல்லு, மரமெல்லாம் வருமுல்ல. அதச் சொல்லுது. வெவரமான பொண்ணுதான் அக்கா.”

போகிற வழியில் சந்தனசாமியிடம் மருமகள் சம்மதம் என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை நொத்தேர் வீட்டுக்கு வரச் சொன்னார். சர்பத் வாங்கிக் கொடுத்தார். இனித்தது.

2 நவம்பர், புதன். கல்லறைத் திருநாள்

காலை பூசை. அவர் கல்லறையைக் கழுவி, வெள்ளையடித்து, பூ வைத்தோம். வீடு வாங்கப் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். ஒன்றும் தோன்றவில்லை.

மத்தியானம் படுத்திருந்தேன். தெருவில் வில் மாட்டிக்கொண்டு பஞ்சு அடிக்கிறவன் போனான். “பழய மெத்த அடிக்கிறதேய்! புது மெத்த தெக்கிறதேய்!”

அப்படியே எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். பழையதை ஏழைக்குக் கொடுக்கச் சொன்னாள். அட மாதாவே. நமக்கு மெத்தை என்றால் மாடி, தளம். அவளுக்கு அந்தோணி சொல்லிக் கொடுத்தது கட்டில்மேல் போடும் மெத்தை. ஈரமான பஞ்சு மெத்தைக்காகக் கிழவி ஒரு வீட்டையே வேண்டாம் என்கிறாள் என்று நினைத்திருப்பாள்!

லூர்து வந்ததும் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தோம், எனக்கு இருமல் வருகிற வரை. பிறகு லூர்து, “அப்ப வெள்ளிக்கெழம?” என்றாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. சம்மதம் மருமகள் கொடுத்ததல்ல. எனக்கு வேண்டும், அதனால் அப்படிப் படித்தேன். அண்டாவை நான்தானே கண்ணால் பார்த்தேன்.

3 நவம்பர், வியாழன்

மழை. படம், ஓர் ஆணி, இடிகல், எல்லாம் பையில். லூர்துவைக் கூப்பிடவில்லை, சிரித்துவிடுவாள்.

சந்தனசாமி பல் விளக்கிக்கொண்டிருந்தார். கூடத்துக்குப் போய் அதே சுவரில் ஆணியை வைத்து ஒரு போடு போட்டேன். இரண்டாவது போடு தேவைப்படவில்லை. பூச்சு அப்பளம் மாதிரி ஒரு பாளமாகக் கழன்று காலடியில் விழுந்தது. உள்ளே பழைய செங்கல், கையை வைத்தால் ஈரம். பழைய உப்புச் சுவரைச் சுரண்டாமலே மேலே காரையை அப்பியிருக்கிறார். உத்திரம் சுவருக்குள் போகிற இடத்தில் கறையான் மண்.

“யாரக் கேட்டு அடிச்சீங்க?” வாயெல்லாம் பல்பொடி.

“யாரையும் கேக்கல தம்பி.”

“நாளைக்கு நொத்தேரு வீட்டுல நாள் குறிச்சிட்டு, இன்னைக்கு வந்து செவத்த ஒடைக்கிறீங்க! இதுக்குப் பணம் யாரு தர்றது?”

“ஒரு ஆணி தாங்காத செவுரு. நாலு பேரு தலைக்கு மேல மெத்தையத் தாங்குமா? நீங்களே சொல்லுங்க.”

வாய் கொப்பளிக்கப் போய்விட்டார். நானே பாளத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு வந்தேன்.

திரும்பி வரும்போது பெருமழை, குடை மடங்கிவிட்டது. பைக்குள் தண்ணீர். படம் நனைந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தால் செசில் முகம் கண்ணாடியோடு வந்துவிட்டது.

அதற்குத்தான் அழுதேன். வீட்டுக்கு இல்லை. இரண்டுக்கும்தான் போல.

6 நவம்பர், ஞாயிறு

மழை விட்டிருக்கிறது. காய்ச்சல் இல்லை. லூர்து ரசம் கொண்டு வந்தாள். சந்தனசாமி ஊரெல்லாம் என்னைப் பற்றிப் பேசுகிறாராம். “இடிகல்லோட வீடு பாக்கப் போற பொம்பளன்னு பேரு வந்துடுச்சு அக்கா. இனிமே வீடு விக்கிறவன் ஒன்னப் பாத்தாலே கதவச் சாத்திருவான்.”

“நல்லா இருக்கிற வீட்டுக்காரன் சாத்த மாட்டான்.”

தைக்குள் வேறு வீடு பார்க்க வேண்டும். மழைக்காலத்திலேயே பார்க்க வேண்டும்.

மத்தியானம் இந்தக் கூடத்திலேயே, வெளிச்சம் விழுகிற சுவரில், ஆணி அடித்தேன். வீட்டுக்காரரைக் கேட்கவில்லை. தைக்குப் போகிறவளை என்ன செய்துவிடுவார். சுவர் அசையவில்லை, ஆணி பிடித்துக்கொண்டது. வாடகைச் சுவர், ஆனாலும் நல்ல சுவர்.

இரவு பிரான்சுக்குக் கடிதம் எழுத வேண்டும். எழுத வேண்டியவை:

அந்தோணிக்கு: வீடு வேண்டாம். காரணம் நேரில். டிசம்பரில் இங்கேயே இறங்குங்கள், இடம் போதும்.

மர்த்தீனுக்கு: உன் தமிழ் அழகாக இருக்கிறது. அதை மட்டும். மெத்தை விஷயத்தில் அவளைத் திருத்தக் கூடாது. வரும்போது நல்ல மெத்தை ஒன்று கொண்டு வரச் சொல்ல வேண்டும், என் இடுப்புக்கும் ஆகும்.

முக்கியமாக: புது போட்டோ ஒன்று. நாலு பேரும் சேர்ந்து நிற்கிற மாதிரி, செசில் மெடல் போட்டுக்கொண்டு. பெரியதாக. உடனே தபாலில் போடவும், ஆணி அடித்தாயிற்று.