விற்பனைக்கு: மாடிப்படி உயரமான வீடு

ஜூன் 4, செவ்வாய்

கீழும் மேலும் பெருக்கி முடித்து வந்தால் காபி ஆறி ஆடை கட்டிக் கிடக்கிறது. மேல் அறைகளில் ஆள் இல்லை. தூசிதான் குடியிருக்கிறது, வாடகை தராமல்.

வீட்டை விற்றுவிடலாம் என்று சொன்னது நான்தான். மகன் நெட்டில் விளம்பரம் போட்டு மாதங்கள் ஆகின்றன. ஒரு போன்கூட வரவில்லை. "மார்க்கெட் டல்லா இருக்கும்மா" என்கிறான். வேறு ஊரில் பெரிய வேலையில் இருக்கிறவன், தெரியாமலா சொல்வான்.

ஜூன் 6, வியாழன்

இன்று மாடி ஏறவில்லை. தூசி சேர்ந்தால் சேரட்டும்.

ஜூன் 9, ஞாயிறு

மின்விசிறி பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் சும்மா போகாமல் ஒன்று சொன்னான்: "ஏம்மா, நெட்ல இருக்கறது உங்க வீடா? நான் ஏதோ பூட்டிப்போட்ட குடோன்னு நினைச்சேன்."

சாயங்காலம் சுண்டெலி வந்தாள். மகனின் பெண். இங்கேதான் வேலை, ஆபீஸ் பக்கத்தில் ஹாஸ்டல்; ஞாயிறு தவறாமல் என்னிடம் வந்துவிடுவாள். விளம்பரத்தைக் காட்டச் சொன்னேன்.

நாலே படம். சாத்திய கேட். இருட்டில் மாடிப்படி. தண்ணீர்த் தொட்டி. பாசி பிடித்த பின்பக்கச் சுவர். கீழே ஒரே வரி: "பழைய வீடு விற்பனைக்கு."

"இவ்வளவு படிச்சு உங்கப்பன் எழுதினது இதுதானாடி?"

"ஆபீஸ்ல நாப்பது பக்கம் ரிப்போர்ட் எழுதுவார் பாட்டி."

நாற்பது பக்கம் எழுதுகிறவனுக்கு இதில் இரண்டாவது வரி வரவில்லையா? வரவில்லையா, வேண்டாம் என்று விட்டானா?

ஜூன் 10, திங்கள்

மகனிடம் போனில் கேட்டேவிட்டேன். "விக்கறதுக்கு எழுதினியா, விக்கக் கூடாதுன்னு எழுதினியா?"

 "அப்பா கட்டின வீடும்மா. அது இருந்தாத்தான் வரணும்னு தோணுது" என்றான்.

வருஷத்துக்கு ரெண்டு தடவை வர்றான். கூடத்துல காலை நீட்டிப் படுத்துக்கிட்டு "ஆகா, நம்ம வீடு"ங்கறான். வர்றவனுக்கு அது வீடு. எனக்கு? விளக்குமாறு யார் கையில இருக்கு? கட்டினவர் போயாச்சு. அவர் இருந்திருந்தா "வித்துட்டு வாடி, போலாம்"னுதான் சொல்லியிருப்பார் — அவர் ஒரு நாள் பெருக்கியிருந்தால்.

மகனும் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும். அது வேறு.

எனக்கு முட்டி வலி என்பது அவனுக்குத் தெரியாது. சொன்னால் "எங்களோட வந்துடு" என்பான். அங்கே போய் ஓரமாக உட்கார்ந்து டிவி பார்க்கவா? எனக்குத் தரைத்தளத்தில் இரண்டு அறை போதும். என் சாவி என் இடுப்பில் இருக்க வேண்டும்.

ஜூன் 16, ஞாயிறு

நானே எழுதினேன். படித்தது ஐந்தாவதுதான், ஆனால் கட்டுரையில் என்னை ஒருத்தியும் முந்தியதில்லை. இரண்டு பக்கம் வந்தது. சுண்டெலி படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"'வாங்குபவர் சண்டை போடாதவராகவும் காலையில் சீக்கிரம் எழுபவராகவும் இருக்க வேண்டும்.' பாட்டி, நீ வீடு விக்கறியா, மாப்பிள்ளை பாக்கறியா?"

"கண்ட சோம்பேறிகிட்ட குடுக்க முடியுமா?"

"என்ன இருக்குன்னு மட்டும் சொல்லு, போதும். மேல பெரிய ரூம்ல என்ன நல்லா இருக்கு?"

"ஒண்ணுமில்லடி. ரெண்டு பக்கமும் ஜன்னல். சாயங்காலம் வரைக்கும் விளக்கு போடாம ஊசில நூல் கோக்கலாம்."

அதை அப்படியே டைப் அடித்தாள். இதெல்லாம் ஒரு பெருமையா என்றேன். "நீ சும்மா இரு" என்றாள்.

"குறை ஏதாவது?"

"மாடிப்படி உயரம். முட்டி வலிக்கறவங்களுக்கு ஆகாது. மூணாவது படியில உட்கார்ந்துட்டுத்தான் மேல போகணும்."

அவள் விரல் நின்றது. என் காலைப் பார்த்தாள். "பாட்டி, நீ..."

"உங்கப்பாகிட்ட மூச்சு விடக் கூடாது."

"இதைப் போட்டா யாரும் வரமாட்டாங்க."

"மறைச்சு வித்துட்டு, வாங்கினவ அந்தப் படியில உட்கார்ந்து என்னைத் திட்டவா? போடு."

எல்லா ஜன்னலையும் திறந்து வைத்துப் படம் எடுத்தாள். ஒன்றில் கொடியில் காயும் என் உள்பாவாடை. தலையில் அடித்துக்கொண்டு அழிக்கச் சொன்னேன்.

ஜூன் 18, செவ்வாய்

புது விளம்பரத்தைப் பார்த்துத் தரகர்கள்தான் கூப்பிடுகிறார்கள். "அந்தப் படி விஷயத்தை எடுத்துடுங்கம்மா, நான் முடிச்சுத் தரேன்." முடியாது என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. இப்போது முட்டியோடு வாயும்.

ஜூன் 22, சனி

ஒரு தையல்காரம்மா தங்கையோடு வந்தாள். "நூல் கோக்கலாம்னு போட்டிருந்தீங்களே, அது எந்த ரூம்?"

கையை மேலே காட்டிவிட்டுக் கீழேயே நின்றேன். போனவர்கள் இறங்கவே இல்லை, பேச்சுச் சத்தமும் இல்லை. என்ன ஆயிற்று என்று நினைக்கும்போது தங்கை மட்டும் வந்தாள்.

"அக்கா கோத்துப் பாத்துட்டு இருக்காங்க."

பர்சிலேயே ஊசி நூல் கொண்டுவந்திருக்கிறாள்! சிரித்தேன். சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

இறங்கி வந்தவளிடம் படியைப் பற்றிக் கேட்டேன். "எனக்கு இன்னும் வயசு இருக்கும்மா, ஏறுவேன்" என்றாள். மெஷின்களை எங்கெங்கே போடலாம் என்று அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

ஜூன் 23, ஞாயிறு

மகன் போன். விளம்பரத்தை யாரோ அவனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். "நான் மூச்சு விடலை பாட்டி" என்கிறாள் சுண்டெலி. மூச்சு விட்டிருக்கமாட்டாள், விரலை அசைத்திருப்பாள்.

"அம்மா, படியில உட்கார்ந்து உட்கார்ந்து ஏறறது யாரு?"

"பொதுவா எழுதினது."

"அம்மா."

 அவன் குரல் அழுகையா ஜலதோஷமா தெரியவில்லை. கடைசியில், நினைத்த மாதிரியே, "எங்களோட வந்துடு."

"வரமாட்டேன். நீ கையெழுத்துப் போட வா."

ஊருக்கெல்லாம் எழுதிப் போட்டதைப் பெற்ற பிள்ளையிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்ன பொம்பளை நான்?

ஜூலை 7, ஞாயிறு

இப்போது எனக்கு வீடு தேடுவது மகன்தான். தினமும் விளம்பரங்களைப் படித்துக் காட்டுகிறான். "'கச்சிதமான வீடு'ன்னு போட்டிருக்கான்மா. கட்டிலைப் போட்டா கதவு திறக்காதுன்னு அர்த்தம்."

பரவாயில்லை, தேறிவிட்டான்.

ஜூலை 19, வெள்ளி

வந்தான். தையல்காரம்மா பேருக்குக் கையெழுத்துப் போடக் கிளம்பும் முன் மாடிக்குப் போனான். திரும்பும்போது மூன்றாவது படியில் உட்கார்ந்தான். செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் காத்திருந்தேன். கூப்பிடவில்லை. அவனாக எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். நானும் விடவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இரண்டு அறையும் பெருக்கியாயிற்று. காபி இன்னும் சுடுகிறது.