எஸ்ஸில் தொடங்கி ஈயில் முடியும் சொல்

வெள்ளிக்கிழமை, மதியம்

வாலுவின் அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லலாம்தான். நான் குரலை உயர்த்தினால் "வேலையில இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் காகிதம். சாப்பாட்டு நேரத்தில் தையல் மெஷின் மேலேயே வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது மெஷினின் குற்றம் இல்லை, என் ஆத்திரத்தின் குற்றம்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்தது டீச்சர் சொன்ன பாதிதான்.

திங்கட்கிழமை நம் பெண்ணின் வகுப்பில் இங்கிலீஷ் வார்த்தைப் போட்டி. எஸ் எழுத்தில் தொடங்கி ஈ எழுத்தில் முடிய வேண்டும், மொத்தம் ஐந்து எழுத்து இருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் அதிகம் எழுதுகிற பிள்ளை, மற்ற பள்ளிக்கூடங்களோடு நடக்கும் பெரிய போட்டிக்குப் போகலாம். வாலு இருபத்தொன்று எழுதியிருக்கிறாள். அடுத்து வந்த பிள்ளை இருபது. ஸ்டோன், ஸ்மோக், ஸ்லேட், ஸ்கேல் எல்லாம் சரி. கடைசியாக எழுதியது செர்ஜ். அப்படி ஒரு சொல்லே கிடையாது என்று டீச்சர் சிவப்பு மையால் அடித்திருக்கிறார். இவள், "இருக்கு மிஸ், எங்கம்மா வேலை செய்யற இடத்துல துணி மேல போட்டிருக்கு" என்றாளாம். "ஓகோ, தையல் கடையில படிச்ச இங்கிலீஷா?" என்றாராம் டீச்சர். வகுப்பே சிரித்திருக்கிறது. சொந்தமாக வார்த்தை செய்து ஏமாற்றப் பார்த்தாள் என்று இன்னொரு மதிப்பெண்ணையும் பிடுங்கி, மணி அடிக்கும் வரை நிற்க வைத்திருக்கிறார்.

சாயந்திரம் வழக்கம்போல் பட்டறைக்கு வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை. நேராகத் துணிச் சுருள்கள் அடுக்கியிருக்கும் மூலைக்குப் போய், ஓரத்தில் அச்சடித்த எழுத்தை விரலால் தடவித் தடவி எண்ணினாள். எஸ், ஈ, ஆர், ஜி, ஈ. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். கட்டிங் மாஸ்டர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, எழுத்து உள்ள இடத்தை ஒரு சாண் வெட்டி என் கையில் கொடுத்தார். "கொண்டு போய் காட்டும்மா. இருபது வருஷமா இதைத்தான் கோட்டுக்கு வெட்டிட்டிருக்கேன். இல்லாத துணியையா வெட்டினேன்?" என்றார்.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு வாலுவோடு பள்ளிக்கூடம் போனேன். தலைமையாசிரியை துணித் துண்டைப் பார்த்தார், பெரிய அகராதியை எடுத்தார், விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். அந்தச் சொல் இருந்தது. டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் தலைமையாசிரியை, "ஆனா இவ அப்பாவே மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்காரே" என்று கணினியில் இருந்ததை வாய்விட்டுப் படித்தார்.

'என் மகள் செய்தது தவறு. இனிமேல் நடக்காது. அவள் அம்மாவுக்குப் படிப்பு இல்லை, வீட்டில் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. பெரிய மனது பண்ணி மன்னிக்கவும்.'

பள்ளிக்கூடத்தில் இருப்பது உங்கள் நம்பர். டீச்சர் உங்களுக்குத் தகவல் அனுப்பியதில் தப்பில்லை. நான் அனுப்புவதற்குப் பதில் போட உங்களுக்கு மூன்று நாள் ஆகும். டீச்சருக்கு ஒன்பது நிமிடம். கணினியில் இரண்டுக்கும் போட்டிருந்த நேரத்தைப் பார்த்தேன். நீங்கள் அதை எழுதும்போது அவள் வகுப்பில் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறாள். என்னம்மா நடந்தது என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? என்னிடமாவது கேட்டீர்களா?

எனக்குப் படிப்பு இல்லைதான். எட்டாவதோடு நின்றது. அதை ஊராருக்குச் சொன்னதை நான் விழுங்கிக்கொள்வேன், எனக்குப் பழக்கம்தான். ஆனால் அவள் என் பக்கத்தில் நின்று அத்தனையும் கேட்டாள்.

தீர்ந்த விஷயத்தைக் கிளற வேண்டாமே என்றார் டீச்சர். இவள் பெயரைச் சேர்க்கும் வரை எழுந்திருக்க மாட்டேன் என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இங்கிலீஷ் தெரியாவிட்டால் என்ன, உட்காரத் தெரியும். பன்னிரண்டு மணிக்கு இரண்டு பிள்ளைகளின் பெயரையும் அனுப்பினார்கள். டீச்சர் இவளிடம், "நான் அகராதியைப் பார்த்திருக்கணும்" என்றார். அவராவது அவ்வளவு சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது வாலு கேட்டாள். "அப்பாவுக்கு அந்த வார்த்தை தெரியாதா, இல்ல நான் பொய் சொல்லுவேன்னு நினைச்சாரா?" இப்போது போட்டிக்கே போக மாட்டேன் என்கிறாள். டீச்சர் திட்டியதை மறந்துவிட்டாள். நீங்கள் எழுதியதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறாள்.

நீங்கள் அந்த ஓட்டல் வாசலில் பெட்டி தூக்கப் போய் நாலு வருஷம் ஆகிறது. ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம், செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்கிறீர்களோ தெரியாது. நீங்கள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அந்த ஒன்பது நிமிடத்தைப் பார்த்த பிறகு கொஞ்சம் புரிந்தது. புரிந்ததால் கோபம் தணிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்தப் பழக்கம் உங்களோடு இருக்கட்டும். இவளுக்கு அது வேண்டாம்.

போட்டி அடுத்த மாதம் இருபதாம் தேதி. அதற்குள் உங்கள் கையால் அவளுக்கு நாலு வரி எழுதுங்கள். நீ சொன்னது சரி, நான் கேட்காமல் எழுதிவிட்டேன் என்று எழுதுங்கள். அவள் பெயருக்கே அனுப்புங்கள், அவளே உறையைக் கிழித்துப் படிக்கட்டும். எனக்கு ஒன்றும் எழுத வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். யார் முன்னாலும் தலை குனியாமல் நீங்கள் நிற்கிற நாள் சீக்கிரம் வரட்டும்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா