இடது கைப்பட்டை

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலம் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அதை நம்புவதை நிறுத்தி நான்கு நாளாகிறது. தயவுசெய்து பாதியில் மடித்துப் பைக்குள் வைத்துவிடாமல் கடைசிவரை படியுங்கள்.

சனிக்கிழமை ஆட்டத்துக்கான உடையைத் தைத்து அனுப்பியிருக்கிறேன். கொண்டுவருபவர் ராட்சசன். மல்யுத்தச் சுவரொட்டியில் உங்கள் கழுத்தைத் திருகிக்கொண்டு நிற்கும் அதே மனிதர், நேற்று நம் சமையலறையில் கரப்பான்பூச்சியைப் பார்த்துவிட்டு இரண்டு காலையும் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார். நாற்காலி பிழைத்ததே பெரிது.

இடது கைப்பட்டை வழுக்குகிறது, பிடித்துத் தை என்று எழுதியிருந்தீர்கள். போன மாதம் நீங்கள் வந்தபோது அளவெடுத்தேனே, நினைவிருக்கிறதா? எட்டு வருஷமாக என் நோட்டில் உங்கள் இரண்டு கைக்கும் ஒரே அளவுதான். அன்று இடது கையின் சுற்றளவு ஒன்றரை அங்குலம் குறைந்திருந்தது. "டேப்பு பழசாயிடுச்சு, புதுசு வாங்கு" என்று சிரித்தீர்கள். தினமும் கடையில் இருபது பேருக்கு அளவெடுக்கிறவள் நான். என் காதிலேயே பூச்சுற்றினீர்கள், நானும் காதைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

பாப்பா அப்போதே சொன்னாள். பள்ளிக்கூடம் போகும் வழியில் அவள் உங்கள் கையை எத்தனை முறை அழுத்துகிறாளோ அத்தனை முறை நீங்கள் திருப்பி அழுத்துவீர்களே, அந்த விளையாட்டில் அவள் நான்கு அழுத்தினாலும் உங்களிடமிருந்து இரண்டுதானாம், ஒன்று அழுத்தினாலும் இரண்டாம். "அப்பா வேணும்னே ஏமாத்துறாரு" என்று அழுதாள். நான் அவளைத்தான் அதட்டினேன். அவள் எப்போதும் உங்கள் இடது பக்கம் நடப்பவள் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

திங்கட்கிழமை டாக்டரே போன் செய்தார். கழுத்து எலும்பு விலகி நரம்பை நசுக்குகிறதாம். இன்னொரு தடவை தலைகுப்புற விழுந்தால் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாமல் போகலாமாம். மூன்று வாரத்துக்கு முன்பே உங்களிடம் சொல்லிவிட்டாராம். ஆபரேஷனுக்கு ஏன் வரவில்லை என்று என்னைக் கேட்டார். "கேட்டுச் சொல்றேன் டாக்டர்" என்றேன். உங்கள்மேல் இப்படியொரு கோபம் எனக்கு வந்ததே இல்லை.

ராட்சசன் எதையும் மறைக்கவில்லை. உங்களைத் தலைகீழாகத் தூக்குவதற்கு முன் அவர் உங்கள் கையை அழுத்திக் கேட்பாராம், தயாரா என்று. நீங்கள் திருப்பி அழுத்தினால்தான் தூக்குவாராம். கூட்டத்துக்குத் தெரியாத இந்தப் பேச்சுதான் இத்தனை வருஷம் உங்கள் இருவரையும் முழுசாக வீட்டுக்கு அனுப்பியது. போன ஆட்டத்தில் உங்களிடமிருந்து பதிலே இல்லை. ஆனால் "பதில் வரலன்னாலும் தூக்கு" என்று முன்பே சொல்லி வைத்திருந்தீர்களாம். தூக்கிப் போட்டார். நீங்கள் கண் திறக்க எவ்வளவு நேரமானது என்று சொல்லும்போது அந்த மலை போன்ற மனிதர் அழுதுவிட்டார். ஏன் எங்கப்பாவை அடிக்கிறீங்க என்று பாப்பா வந்து கேட்டாள். "அடிக்கலம்மா, விழாம புடிச்சுக்கிறேன்" என்றார். பிறகு அவளுடைய விளையாட்டைப் பற்றி விவரமாகக் கேட்டுக்கொண்டார்.

இந்த ஒரு ஆட்டம்தான் என்று ஆரம்பிக்காதீர்கள். பட்டம் உங்களுக்கு என்று முதலாளி முடிவு செய்துவிட்டார், அதன்பிறகு பயிற்சியாளர் வேலை தருவார், எல்லாம் தெரியும். படுத்த படுக்கையாகக் கிடந்து யாருக்கு என்ன பயிற்சி கொடுப்பீர்கள்? கைதட்டல் இல்லாமல் நீங்கள் எப்படி இருப்பீர்களோ என்று எனக்கும் பயம்தான். ஆட்டமில்லாத இரண்டு வாரத்தில் அலமாரிக் கதவைக் குத்தி உடைத்தீர்களே, நான் மறக்கவில்லை. அப்படிக் கதவை உடைக்கிறவரோடும் குடும்பம் நடத்திக்கொள்வேன். ஆள் இருந்தால் போதும்.

இந்தக் கடிதத்தை ராட்சசனுக்குத் தெரியாமல் உடையின் மடிப்புக்குள் வைக்கிறேன். சனிக்கிழமை ராட்சசன் உங்கள் இடது கையைத்தான் அழுத்துவார். எத்தனை தடவை என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை. அதே எண்ணிக்கை திரும்பி வராவிட்டால் தூக்க மாட்டார். தானே மல்லாந்து படுத்துவிடுவார். கூட்டம் ஊளையிடும். முதலாளி அவரையும் சேர்த்து வெளியே தள்ளுவார். எல்லாம் யோசித்துத்தான் முடிவெடுத்திருக்கிறார். உங்களிடம் மூச்சுவிடக் கூடாது என்று கெஞ்சினார். உங்கள் முதுகுக்குப் பின்னால் காரியம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டாலும் உங்களால் அதை எண்ண முடியாது.

அந்த நல்ல மனிதரை அந்த நிலைக்குத் தள்ளாதீர்கள். அதற்கு முன்பே கிளம்பி வந்துவிடுங்கள்.

இடது கைப்பட்டையை நான் பிடித்துத் தைக்கவில்லை. போட்டுக்கொண்டு கையைத் தொங்கவிட்டுக் கண்ணாடியில் பாருங்கள், எதுவரை இறங்குகிறதென்று.

பாப்பா இனி உங்கள் வலது பக்கம் நடக்கச் சம்மதித்துவிட்டாள்.

நீங்கள் நடந்தே வீடு வந்து சேர வேண்டும் என்ற ஒரே வேண்டுதலோடு,
பாப்பா அம்மா