ஜாம்பெசியில் உன் தோளைப் பிடித்த கை

சனிக்கிழமை காலை உன் மகள் வந்திருந்தாள். லேப்டாப்பை என் சமையலறை மேசையில் வைத்து, மறுநாள் உன் நினைவுக் கூட்டத்தில் ஓடவிடப்போகும் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். கோவை வீட்டு மொட்டைமாடியில் நீ. கல்லூரிப் பேருந்தின் படியில் நீ. தாஹோ பனியில் அவளைத் தூக்கிக்கொண்டு, எங்கே வழுக்கிவிடுமோ என்று பயந்து நிற்கும் நீ. பாதிக்கு மேல் வந்த ஒரு படத்தில் நானும் இருந்தேன். இருவர் தலையிலும் சிவப்பு ஹெல்மெட், மூச்சு முட்ட இறுக்கிய லைஃப் ஜாக்கெட், பின்னால் கருத்த பாறைச் சுவர். நீ வாய் திறந்து சிரிக்கிறாய். நான் கேமராவைப் பார்க்கவில்லை. படத்தின் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி போட்டிருந்தாள்: ஆன்ட்டி அம்மாவைக் காப்பாற்றிய நாள்.

"இந்த ஸ்லைடு வந்ததும் நிறுத்திடுவேன், ஆன்ட்டி. நீங்க மேல வந்து அந்த ஸ்டோரிய சொல்லணும். ஜஸ்ட் ஃபைவ் மினிட்ஸ்," என்றாள். "அப்பா சொன்னா சொதப்பிடுவார். ஹீ வாஸ் அட் த பூல்."

காபி போடுகிறேன் என்று எழுந்து, அடுப்பின் முன் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றேன். அவள் காபி குடிக்க மாட்டாள் என்பது பால் பொங்கி வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்களை நான் எப்போதும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்த்திருக்கிறேன். யாருக்காக அந்த நடிப்பு என்று தோன்றும். அமெரிக்காவில், இந்த டப்ளினில் அடுத்தடுத்த தெருக்களில் பதினாறு வருடம் இருந்தோம். உனக்கு எழுத வேண்டிய தேவை ஒருநாளும் வந்ததில்லை. இதை நீ படிக்கப்போவதில்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். படிப்பாய் என்று இருந்தால் தைரியம் வந்திருக்காது.

ஆப்பிரிக்கப் பயணத்தில் நான் ஒத்துக்கொண்டது யானை, சிங்கம், விக்டோரியா அருவி, அவ்வளவுதான். ஆற்றைப் பற்றிப் பேச்சே இல்லை. உன் நாற்பத்தைந்தாவது பிறந்தநாளை ஒட்டி இரண்டு குடும்பமும் சேர்ந்து போயிருந்தோம். விடுதியின் வரவேற்பறையில் கிடந்த ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு காலைச் சாப்பாட்டு மேசைக்கு வந்தாய். அருவிக்குக் கீழே பள்ளத்தாக்கில் ஜாம்பெசி ஆற்றில் ரப்பர் படகில் போகலாம், ஒருநாள் முழுக்க, இருபதுக்கு மேல் ரேப்பிட் என்றாய். ஆறு பாறைகளில் மோதி நுரைத்துப் பாயும் இடங்களுக்கு அங்கே வரிசையாக எண் போட்டிருக்கிறார்கள்.

உன் கணவருக்கு உடனே முழங்கால் வலி வந்தது. என் கணவருக்கு முதுகு. உன் மகளுக்கு வயது போதாது என்றார்கள்.

"நமக்கு நீச்சல் தெரியும்ல," என்றாய்.

நகராட்சி நீச்சல்குளத்தில் ஆறு வயதுக் குழந்தைகளோடு சேர்ந்து நாம் எட்டு வகுப்பு போயிருந்தோம். அதைத்தான் நீச்சல் என்றாய்.

"எட்டு கிளாஸ் எதுக்குமே ஆதாரம் இல்ல," என்றேன்.

"உனக்கு எல்லாத்துக்கும் ஆதாரம் வேணும். கல்யாணத்துக்கு முன்னாடி இவர்கிட்ட என்னடி ஆதாரம் கேட்ட?"

என் கணவர் தட்டைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் வந்தேன் என்று நினைக்கிறேன்.

பள்ளத்தாக்கில் இறங்கவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. மரக்கழிகளைக் கட்டிச் செய்த ஏணிப்படி, தொட்டால் சுடும் கறுப்புப் பாறை. கீழே படகில் ஏற்றியதும், ஆறு அமைதியாக இருந்த ஒரு வளைவில் வழிகாட்டி எங்களுக்குப் பாடம் எடுத்தார். அந்த ஊர்க்காரர், உயரமானவர், எல்லாப் பெண்களையும் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார். தண்ணீரில் விழுந்தவரை எப்படித் தூக்குவது என்பதுதான் முக்கியமான பாடம். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. லைஃப் ஜாக்கெட்டின் இரண்டு தோள்பட்டைகளையும் பிடிக்க வேண்டும். முதலில் அவரைக் கீழே அழுத்த வேண்டும். அழுத்திய வேகத்தில் ஜாக்கெட் தானாக மேலே வரும்; அந்த நொடியில் தூக்கினால் எவ்வளவு கனமானவரும் வந்துவிடுவார். "டவுன், தென் அப்," என்று எங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்.

பயிற்சியில் நீ என்னைத் தூக்கினாய். இரண்டு பேரும் படகுக்குள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தோம். "கிரைண்டர் மாதிரி கனக்கறடி," என்று சிரித்துக்கொண்டே கிடந்தாய்.

மதியம்வரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. எனக்கே பிடித்துப்போய்விட்டது என்பதை உன்னிடம் ஒத்துக்கொள்ளவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு பதினெட்டாவது ரேப்பிட்டில் படகின் முன்பக்கம் எழுந்தது, எழுந்துகொண்டே போனது, பிறகு எங்கள்மேல் கவிழ்ந்தது.

தண்ணீருக்குள் மேல் எது கீழ் எது என்று தெரியவில்லை. துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் இருப்பதுபோல என்று நீ பிறகு எல்லோரிடமும் சொல்வாய். அது சரியான வர்ணனைதான். ஒருமுறை மேலே வந்தேன், மூச்சிழுக்கும் முன் அடுத்த அலை வாயில் அடித்தது. அப்போது என் கைகளில் ஒரு ஜாக்கெட்டின் தோள்பட்டைகள் கிடைத்தன. உன் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

நீ என்று எனக்குத் தெரிந்தது. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். யாரோ என்று நினைத்துச் செய்யவில்லை. இரண்டு கைகளாலும் உன்னைக் கீழே அழுத்தி, உன்மேல் ஏறினேன். பாடம் எதுவும் நினைவில் இல்லை. உன்னைத் தூக்கும் எண்ணமும் இல்லை. என் தலை தண்ணீருக்கு மேலே வந்தது. வானம் தெரிந்தது. மூச்சு வந்தது. இன்னும் ஒன்று இழுத்தேன். கீழே நீ உதறுவது என் முழங்கால்களில் தெரிந்தது. விடவில்லை. கவிழ்ந்த படகைச் சுற்றிக் கட்டியிருக்கும் கயிறு கைக்கு வந்தது, என் எடை உன்னைவிட்டு அகன்றது, ஜாக்கெட் உன்னை ஒரு பந்துபோல மேலே எறிந்தது. என் இடது கை அப்போதும் உன் தோள்பட்டையில்தான் இருந்தது.

வழிகாட்டி அதற்குள் கவிழ்ந்த படகின்மேல் ஏறியிருந்தார். அவர் திரும்பிப் பார்த்தபோது கண்டது அதைத்தான்: நீ தண்ணீரிலிருந்து மேலே வருகிறாய், என் கை உன்னைப் பிடித்திருக்கிறது.

"குட் ஜாப், சிஸ்டர்! டவுன், தென் அப்! பெர்ஃபெக்ட்!"

நீ தண்ணீரைக் கக்கிக்கொண்டே என்னைப் பார்த்தாய். நான் தலையை ஆட்டினேன். பேச மூச்சில்லை என்பது உண்மை. ஆனால் தலையை இரண்டு விதமாக ஆட்டலாம். நான் ஆட்டியது ஆமாம் என்று.

அன்று சாயங்காலம் விடுதித் தோட்டத்தில் கணவர்களிடம் நீ சொல்ல ஆரம்பித்தாய். "எல்லாரும் கத்தறாங்க, இவ மட்டும் பாடத்த ஞாபகம் வெச்சுக்கிட்டு என்னை அழுத்தித் தூக்கறா. ஆத்துலயும் இவளுக்கு ப்ரொசீஜர்!"

என் கணவர் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். "நிஜமாவா?"

"அவ சொல்றா," என்றேன்.

பிறகு அந்தக் கதை நம்மோடு டப்ளினுக்கு வந்துவிட்டது. யார் வீட்டுப் பாட்லக் விருந்தானாலும் சாப்பாடு முடிந்ததும் யாராவது கேட்பார்கள். நீ எழுந்து நின்று, பக்கத்தில் இருப்பவரின் தோளைப் பிடித்து அழுத்திக் காட்டுவாய். நான் "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல" என்பேன். அது அடக்கம் என்று எல்லோருக்கும் பட்டது. நான் பொதுவாக அடக்கமானவள் என்று பெயரெடுத்திருந்தது அதற்கு வசதியாகப் போயிற்று. மூன்றாவது வருடம் கதையில் ஒரு முதலை வந்து சேர்ந்தது. "முதலையெல்லாம் இல்ல," என்று அங்கேயே மறுத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். யோசித்துப் பார்த்தால், அந்தக் கதையில் நான் திருத்தியது முதலையை மட்டும்தான்.

உனக்கு நோய் என்று தெரிந்தபோது, கீமோவுக்குக் கூட வருவதற்கு என்னைக் கூப்பிட்டாய். உன் கணவருக்கு ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வரும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை ஒவ்வொரு முறையும் நர்ஸிடம் சொல்வாய்: இவள் என்னை ஜாம்பெசியிலிருந்து வெளியே எடுத்தவள். நர்ஸ்கள் எனக்குக் குடிக்க ஏதாவது கொண்டுவந்து தருவார்கள்.

முதல் மருந்து வேலை செய்யாமல் போன பிறகு, டாக்டர் இன்னொன்றைப் பற்றிச் சொன்னார். எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம், முடிவு உங்களுடையது என்றார். நீ உன் கணவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய்.

"நீ சொல்லுடி. உன் தொழில்தானே. அன்னைக்கு நீ யோசிச்சது சரியாத்தானே இருந்துச்சு."

நான் மருந்து ஆராய்ச்சியில் வேலை செய்கிறவள். இரண்டு நாள் படித்துவிட்டு, எடுத்துக்கொள் என்றேன். கிடைத்த தகவல்களை வைத்து அது தவறான யோசனை இல்லை. இப்போது பார்த்தாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அந்த மருந்து உனக்குக் கூடுதலாகக் கொடுத்த வாரங்களில் பெரும்பாலானவற்றை நீ தூங்கியே கழித்தாய். தகவலை நம்பி நீ சம்மதிக்கவில்லை, தோள்பட்டையைப் பிடித்த கையை நம்பிச் சம்மதித்தாய் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

ஒருமுறை சொல்லப் பார்த்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, ஃப்ரீவேயில் வண்டிகள் நகராமல் நின்றிருந்தன. நீ சால்வையைப் போர்த்திக்கொண்டு பக்கத்து சீட்டில் இருந்தாய்.

"அன்னைக்கு ஆத்துல நடந்தது நீ சொல்ற மாதிரி இல்ல," என்றேன்.

நீ கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாக மஞ்சள் மலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"அந்தக் கதைல கை வைக்காதடி. நல்லா இருக்கு அது," என்றாய். பிறகு ஏசியைக் குறைக்கச் சொன்னாய்.

அந்த இரண்டு வாக்கியங்களை ஓர் அறிக்கையைப் படிப்பதுபோல எத்தனையோ முறை படித்துவிட்டேன். உனக்குத் தெரிந்திருந்தது என்றால், ஐந்து வருடம் எல்லார் முன்னாலும் எனக்கு அந்த மாலையைப் போட்டுக்கொண்டே இருந்தாய். அது மன்னிப்பா, தண்டனையா? தெரியவில்லை என்றால், தெரியாமலே என்னை நம்பிப் போய்விட்டாய். இரண்டில் எது எனக்குச் சுலபம் என்று யோசிக்கிறேன். எதுவும் இல்லை.

சனிக்கிழமை அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினேன். உன் மகள் எனக்காகக் காத்திருந்தாள். அவள் எதிரே உட்கார்ந்து, நடந்ததை நடந்த வரிசையில் சொன்னேன். தோள்பட்டை, உன் முகம், அழுத்தியது, கயிறு, வழிகாட்டி, என் தலையாட்டல். நான் உன் அம்மாவைத் தூக்கவில்லை என்றேன்.

முதலில் அவள் என்னைச் சமாதானப்படுத்தத்தான் பார்த்தாள். "யூ பானிக்ட், ஆன்ட்டி. பீப்பிள் டூ தட்." பிறகு அவள் முகம் மாறியது. "அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. தெரியுமான்னு எனக்குத் தெரியாது."

அவள் லேப்டாப்பை மூடினாள். "ஆஸ்டினுக்கு காலேஜ் போறப்போ ரொம்ப அழுதேன். அப்போ அம்மா என்ன சொன்னா தெரியுமா? ஆன்ட்டி மாதிரி ஒரு ஃப்ரெண்டப் பிடிச்சுக்கோ, அது போதும்னு. ஏன் இப்போ சொல்றீங்க? யாருக்காக?"

"நாளைக்கு மேடைல ஏறி அதைச் சொல்ல முடியாதுங்கறதுக்காக."

"ஸோ, உங்களுக்காக."

ஆமாம் என்றேன்.

அவள் வாசலில் குனிந்து ஷூவை மாட்டினாள். நிமிர்ந்தபோது கண்கள் உலர்ந்திருந்தன. "எவ்ளோ நேரம், ஆன்ட்டி? அம்மா கீழ எவ்ளோ நேரம் இருந்தா?"

சில நொடிகள் என்று சொல்ல வாயெடுத்தேன். அது ஊகம். "நேரம் தெரியாது. நான் நாலு தடவை மூச்சு விட்டேன்," என்றேன்.

அவள் வாயை இறுக மூடிக்கொண்டு என்னையே பார்த்தாள். என்ன செய்கிறாள் என்று எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. நான் மூச்சு விடுவதற்காகக் காத்திருந்தாள். வெயில் விழுந்த அந்த வாசற்படியில் நின்று, அன்று இழுத்ததுபோலவே ஒவ்வொன்றாக இழுத்து விட்டேன். மூன்றாவதிலேயே அவள் கழுத்து நரம்பு புடைத்தது. நான்காவது முடிந்ததும் மூச்சை விட்டாள். "ஓகே," என்றாள். காரில் ஏறிப் போய்விட்டாள்.

ஞாயிறன்று அந்தப் படம் வரவில்லை. கூட்டம் முடிந்து எல்லோரும் சாப்பிடும்போது உன் மகள் என் பக்கம் வரவில்லை. வர வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அவளிடம் நான்கு என்று சொன்னது சரியான எண். ஆனால் ஒன்றைச் சொல்லவில்லை. கயிறு என் கைக்கு வந்தது மூன்றாவது மூச்சில். அதைப் பிடித்துக்கொண்ட பிறகும், உன்மேல் இருந்தபடியே, இன்னொன்று இழுத்தேன். அது எனக்குத் தேவையே இல்லை. அந்த நான்காவது மூச்சு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.