மரச்சீனி மேல் ஏறிய கார்

மைனி,

போன ஞாயிற்றுக்கிழமை அமரவிளையில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும், பந்தி வாசலில் நின்ற ஒரு பெண் ஆளுக்கொரு ஈரக் காகிதத்தை நீட்டினாள். முகம் துடைத்துக்கொள்வதற்காம். வாங்கி மூக்கருகே கொண்டுபோனதும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கொலோன் வாசனை. பாயசம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் பக்கத்தில் நின்றவர் சோடா வாங்க ஓடினார். நான் காகிதத்தைக் கூடையில் எறிந்துவிட்டு பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தேன். நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் அந்த வாசனைக்கு ஒரே ஒரு முகம்தான் எனக்கு. நீங்கள் இருந்திருந்தால் நேராக உங்களிடம் வந்து சொல்லியிருப்பேன். நீங்கள் போய் ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிவிட்டது. எழுதத்தான் முடியும்.

அந்த நடிகரை உங்களுக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சினிமாவில் பெயர் எடுப்பதற்கு முன் அவர் நாடகக்காரர். ஊர் நிலத்தையெல்லாம் வைத்திருந்த ஜென்மியின் தோப்பில் குடிசை போட்டுக் கிடக்கும் ஒரு கூலிக்காரனாக அவர் நடித்த நாடகம் அம்பலத்துத் திருவிழா, சர்ச் பெருநாள் என்று எல்லா இடத்திலும் ஓடியது. நீங்கள் மூன்று தடவை பார்த்தீர்கள். கடைசிக் காட்சியில் பத்து சென்டுக்குப் பட்டயம் கிடைத்த அந்தக் கூலிக்காரன், வேலியின் நடுவில் நின்று ஜென்மியைப் பார்த்துச் சொல்லுவான்: "இது என்றெ மண்ணாணு. சோதிச்சிட்டு கேறியால் மதி." இது என் மண், என்னைக் கேட்டுவிட்டு உள்ளே வந்தால் போதும். மைதானமே எழுந்து நின்று கை தட்டும். நீங்கள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொள்வீர்கள்.

அண்ணனும் நீங்களும் அதே மாதிரி ஒரு தோப்பின் மூலையில்தான் கிடந்தீர்கள். நிலச் சட்டம் வந்து, அலைந்து திரிந்து, ஒருவழியாக உங்களுக்கும் பத்து சென்ட் கிடைத்தது. சீமைக்கொன்னைக் கம்பு நட்டு, ஓலை வைத்துக் கட்டி, இரண்டு பேருமாக வேலி போட்டீர்கள். முடித்த அன்று அண்ணன் வேலியின் இடைவெளியில் நெஞ்சை நிமிர்த்தி நின்று, அந்த நடிகரின் குரலிலேயே அந்த வசனத்தைச் சொன்னார். நீங்கள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். மூன்று மாதம் கழித்து அண்ணன் பம்பாய் வழியாகக் கல்ஃபுக்குப் போனார். அந்த மண்ணில் நீங்கள் ஒற்றையாக மரச்சீனிக் கிழங்கு நட்டீர்கள்.

எனக்கு அப்போது இருபத்து நாலு வயசு. பி.ஏ. முடித்து வேலையில்லாமல் திரிந்தேன். ஊரில் நாங்கள் தொடங்கிய கலைக் கழகத்துக்கு நான் செயலாளர். தலைவர், உங்கள் பழைய ஜென்மியின் மகன். நிலமெல்லாம் கைமாறிய பிறகும் ஊரே அவரை மரியாதையோடு கொச்சேட்டன் என்றுதான் கூப்பிட்டது. எங்கள் ஆண்டு விழாவுக்கு அந்த நடிகர் வர ஒப்புக்கொண்டபோது, பாறசாலையிலிருந்து வெள்ளறடை வரைக்கும் அதே பேச்சு. அவரைவிட அவருடைய காரைப் பற்றித்தான் பேச்சு அதிகம். வெளிநாட்டுக் கார். கண்ணாடி கறுப்பாக இருக்கும், உள்ளே குளிரும், கதவு சாத்தினால் சத்தமே கேட்காது. கல்ஃபில் அவர் கலை நிகழ்ச்சி நடத்தப் போனபோது ஒரு முதலாளி பரிசாகக் கொடுத்தாராம். பஸ்ஸும் அம்பாசிடரும் தவிர வேறொன்றும் பார்க்காத சாலை நம்முடையது.

விழாவுக்கு முந்தின நாள் அவருடைய மேனேஜர் வந்து இடத்தைப் பார்த்தார். சாலை முக்கிலிருந்து மைதானத்துக்கு நடவழி மட்டும்தான். இருநூறு அடி தூரம் இருக்கும். மேனேஜர் தலையை ஆட்டினார். "சார் நடக்க மாட்டார். கார் மேடைவரைக்கும் போகணும். இல்லைன்னா முக்கிலேயே திரும்பிடுவோம்."

நடவழியை ஒட்டி இருந்தது உங்கள் பத்து சென்ட். வேலியைப் பிரித்தால் கார் போகும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மைனியிடம் நான் கேட்டுக்கொள்கிறேன் என்றேன். அன்று சாயங்காலம் உங்கள் வீட்டுக்கு வந்தேன். அவித்த மரச்சீனியும் மீன் கறியும் கொடுத்தீர்கள். அண்ணனின் கடிதத்தை வாசித்துக் காட்டினீர்கள். நான் சாப்பிட்டேன், கேட்டேன், எழுந்து வந்தேன். வேலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மாட்டேன் என்று சொல்லிவிடுவீர்கள் என்ற பயம்.

மறுநாள் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தைப் போட நீங்கள் பாறசாலைக்குப் போனீர்கள். மூன்று மணி பஸ்ஸில் திரும்பி வரும்போது வேலி இல்லை. முழங்கால் உயரம் வளர்ந்திருந்த மரச்சீனி மீது தென்னை ஓலையைப் பரப்பி, மேலே மணல் போட்டிருந்தார்கள் கழகத்து ஆட்கள். பிடுங்கிய கம்புகளைக் கொச்சேட்டன் ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தார். நான் மேடையில் மைக் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் குரல் அங்கே வரைக்கும் கேட்டது.

"ஆரு கிட்ட கேட்டு பிடுங்கினிய? நிலம் போயும் ஒங்களுக்க குணம் போகல்லியா? எனக்க மூணு மாசத்து வேலையாக்கும் இது!"

கொச்சேட்டன் தலையைக் குனிந்து நின்றார். நீங்கள் மண்டியிட்டு உட்கார்ந்து மணலை வாரி வாரி எறிந்தீர்கள். ஓலைக்கு அடியில் மடிந்து கிடந்த தண்டுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தப் பார்த்தீர்கள். முழங்கை வரைக்கும் சேறு. அப்போதுதான் முக்கில் ஹாரன் சத்தம் கேட்டது.

கார் மெதுவாகத் திரும்பி மணலில் ஏறியது. நீங்கள் எழுந்து அதன் முன்னால் போய் நின்றீர்கள். டிரைவர் ஹாரன் அடித்தார். நகரவில்லை. நான் மாலையோடு ஓடி வந்தேன். பின் கண்ணாடி மூன்று விரல் அகலம் இறங்கியது. நீங்கள் அந்த இடைவெளியைப் பார்த்து, கைகூப்பி, தெளிவாகச் சொன்னீர்கள்:

"சாறே, இது என்றெ மண்ணாணு. சோதிச்சிட்டு கேறியால் மதி."

அவருக்கு ஞாபகம் வரும், வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டு இறங்குவார் என்று நான் நிஜமாகவே நம்பினேன். உள்ளிருந்து குரல் வந்தது, மேனேஜரிடம். "எந்தா இது பறயுன்னது?" இது என்ன சொல்கிறது என்று. வசனத்தைத்தான் கேட்டாரோ, உங்களைத்தான் 'இது' என்றாரோ, எனக்கு இன்றுவரை தெரியாது.

மேனேஜர் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். வழியோரம் பத்திரிகைக்காரர் ஒருவர் கேமராவோடு நிற்பதைக் காட்டினார் என்று நினைக்கிறேன். கதவு திறந்தது. வெள்ளைச் செருப்பு, வெள்ளை வேஷ்டி. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றும்போதே கண் கலங்கியிருந்தது. மனுஷன் கண்ணீரை எங்கே வைத்திருந்தான் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். இரண்டு கையையும் விரித்து உங்களைக் கட்டிப்பிடித்தார். உங்களுக்கு விலகக்கூட நேரம் கிடைக்கவில்லை. பிறகு உங்கள் தோளில் கைபோட்டு, நடக்க மாட்டார் என்று சொல்லப்பட்ட அந்த மனிதர், உங்கள் மரச்சீனியை மிதித்துக்கொண்டு மேடைவரைக்கும் நடந்தார். காரும் பின்னாலேயே வந்தது.

மேடையில் மைக்கைப் பிடித்து, "இதென்றெ அம்மயாணு!" என்றார். கூட்டம் அலறியது. உங்களுக்கு முப்பத்தாறு வயசு. அவருக்கு ஐம்பதுக்குக் குறையாது. மண்ணைப் பற்றிப் பேசினார், வியர்வையைப் பற்றிப் பேசினார், குரல் உடைந்து இரண்டு தடவை நிறுத்தினார். நீங்கள் கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு மரம்போல நின்றீர்கள். சேறு காய்ந்து முழங்கையில் வெடித்திருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

கூட்டம் முடிந்ததும் பழக்கூடையை எடுத்துக்கொண்டு காருக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. டிரைவர் ஒரு துவாலையில் கொலோனை ஊற்றிக் கொடுக்க, அவர் கன்னத்தைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார், உங்களைப் பிடித்த கையை விரல் விரலாகத் துடைத்தார். "எந்தொரு நாற்றம்!" என்றார். நான் பக்கத்தில் நின்றதை அவர் பொருட்படுத்தவில்லை. பழக்கூடையைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன? துவாலையை வெளியே எறிந்தார். அது ஓலைமேல் விழுந்தது. பிறகு இறங்கி காரைச் சுற்றி வந்தார். ஒரு கம்பு உரசி, கதவில் விரல் நீளத்துக்குக் கீறல். அதைத் தடவிப் பார்த்துவிட்டு டிரைவரை அறைந்தார். டிரைவருக்கு அவரைவிட வயசு அதிகம். கீழே விழுந்த தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, அந்த மனிதர் மறுபடியும் கதவைத் திறந்துவிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பத்து நிமிஷத்துக்கு முன்னால் உழைப்பாளியின் வியர்வைக்காகக் குரல் உடைந்து பேசியது இதே வாய்தான்.

இருட்டுவதற்கு முன்பே ஆட்கள் கலைந்துவிட்டார்கள். அந்தத் துவாலையைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் கேட்டீர்கள். "இது என்னவாக்கும் மக்கா? நல்ல மணமாட்டு இருக்கு."

மறைக்கத் தெரியாமல் சொல்லிவிட்டேன். நீங்கள் அழவில்லை. துவாலையை அடுப்பில் போட்டீர்கள். "அப்பம் அவனுக்க நாத்தம் எனக்க மேலயும் ஒட்டியிருக்கும்லா?" என்று சொல்லிக் கிணற்றடிக்குப் போய், வாளி வாளியாகத் தண்ணீர் கோரி ஊற்றிக்கொண்டீர்கள். நான் முற்றத்தில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. யார் மூலமோ அது கல்ஃபுக்குப் போய், அண்ணன் அதைச் சட்டம் போட்டுத் தன் கட்டிலுக்கு மேல் மாட்டி, கூட இருந்தவர்களுக்கெல்லாம் சாயா வாங்கிக் கொடுத்தாராம். அண்ணன் லீவில் வந்தபோது அதையும் பெட்டியில் கொண்டுவந்தார். நீங்கள் நடந்ததைச் சொன்னீர்கள். அண்ணன் அதைப் பெட்டிக்குள்ளேயே கவிழ்த்து வைத்தார். நீங்கள் படத்தை வெளியே எடுத்து, அவரை வெட்டிவிட்டு உங்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று கத்தரிக்கோலோடு உட்கார்ந்தீர்கள். கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "அவனுக்க கை எனக்க தோளுல கெடக்கு. வெட்ட முடியாது" என்று சொல்லி முழுசாக அடுப்பில் வைத்தீர்கள்.

நீங்கள் போன ஆறாம் மாதம் அந்த நடிகரும் போனார். டி.வி. ஆட்கள் பழைய பேப்பரில் அந்தப் படத்தைக் கண்டுபிடித்து, அந்த அம்மா எங்கே என்று விசாரித்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாம் சொன்னேன். காரை, துவாலையை, டிரைவரை அறைந்ததை. மைக் பிடித்த பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாமா, அவரைப் பத்தி நல்லதா ஒண்ணு சொல்லுங்க. செத்த வீடாக்கும்" என்றான். செத்தது இரண்டு பேர் என்று சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை. அன்று சாயங்காலம் டி.வி.யில் அந்தப் படம் வந்தது. பின்னால் வயலின். நடிகரின் கிராமத்து அம்மா, அவர் கடைசிவரை மறக்காத அம்மா என்று அறிவிப்பாளர் ஒருத்தி உருகினாள். நான் செருப்பை எடுத்தேன். டி.வி. என் மகன் வாங்கியது என்று நினைவு வந்து கீழே போட்டேன்.

அவனை அருவருப்பது சுலபம் மைனி. நாற்பது வருஷம் அதைச் சுகமாகச் செய்துகொண்டிருந்தேன். கொலோன் வாசனை வந்தால் குமட்டும், அவன் படம் வந்தால் எழுந்து போவேன், பார்த்தவர்கள் எனக்கு மானம் உண்டு என்று நினைப்பார்கள். உங்களிடம் சொல்லாத ஒன்று பாக்கி இருக்கிறது.

விழாவன்று மத்தியானம் வேலியருகே நாங்கள் எல்லோரும் நின்றபோது, யாரும் கை வைக்கவில்லை. கொச்சேட்டன் நடவழியிலேயே நின்றுகொண்டு, "அவங்க வந்து சரின்னு சொன்னா செய்யலாம். எனக்கு இதுல கால் வைக்க உரிமை இல்ல" என்றார். காருக்கு முன்பே வந்திருந்த மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எங்க மைனிதானே, நான் சொல்லிக்கிடுதேன்" என்று சொல்லி முதல் கம்பைப் பிடுங்கியது நான். வேர் பிடித்திருந்தது. இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டித்தான் பிடுங்கினேன். மற்றவர்கள் அதற்குப் பிறகுதான் இறங்கினார்கள். கார் போவதற்கு முன்னால் கம்புகள் வீணாகாமல் இருக்கட்டும் என்று கொச்சேட்டன் அடுக்கிவைத்துக்கொண்டிருந்தபோது நீங்கள் வந்தீர்கள். நீங்கள் ஏசியதெல்லாம் அவருக்கு. என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு ஒரு வார்த்தை போதும். அவர் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அவர் புதுக் கம்பு ஒரு கட்டைத் தலையில் சுமந்து வந்தார். ரோட்டில் போட்டுவிட்டுப் போகச் சொன்னீர்கள். அதன்பிறகு நீங்கள் சாகும்வரை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. உங்கள் அடக்கத்துக்கு வந்தவர், கைத்தடியோடு வெயிலில் ரோட்டிலேயே நின்றார். நான் பார்த்தேன். உள்ளே கூப்பிட்டால் ஏன் என்று நாலு பேர் கேட்பார்கள், சொல்ல வேண்டிவரும். கூப்பிடவில்லை. பெட்டி கடந்து போனதும் கைகூப்பிவிட்டுத் திரும்பி நடந்தார்.

விழாவன்று ராத்திரி, கிணற்றடியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து, நீங்கள் எனக்குச் சாயா போட்டீர்கள். "நீ மேடையில நின்னே, அதாக்கும் அவனுவளுக்குத் தைரியம். வேலி கிட்ட நீ நின்னிருந்தா விட்டிருக்க மாட்டே மக்கா, எனக்குத் தெரியும்" என்றீர்கள்.

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சாயாவைக் குடித்தேன். நல்ல இனிப்பு. டம்ளரைக் கவிழ்த்து வைக்கும்வரை குடித்தேன், மைனி.