உன் இலைக்கு முன்னால் ஒரு சில்வானர்

இன்று மதியம் கடையை மூடுவதற்கு முன், அடுப்போரத்துக் கடப்பைக் கல் மேடையில் ஒரு குடம் தண்ணீரை அடித்து ஊற்றினேன். காலையிலிருந்து சூட்டில் காய்ந்து கிடந்த கல். தண்ணீர் பட்டதும் ஒரு வாசனை எழுந்தது பார், கையிலிருந்த துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டேன். மீன் கவுச்சியையும் மீறிக்கொண்டு வந்த ஈரக்கல் வாசனை. நீ கொண்டுவரும் பாட்டிலைத் திறந்ததும் மூக்கில் முதலில் ஏறுமே, அதேதான். போன வாரம் உன் வீட்டில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருந்தால் எனக்குத் தலை வெடித்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

பாகூரில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாம். நீ நர்சுப் படிப்பு முடித்து ஜெர்மனிக்குப் போனாய். நான் கல்யாணமாகி வில்லியனூருக்கு வந்து, பைபாஸ் ஓரத்தில் மீன் வறுவல் மெஸ் போட்டேன். ஒவ்வொரு லீவுக்கும் உன் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே ஒரு ஒயின் பாட்டில் பத்திரமாக வரும். மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, எவர்சில்வர் டம்ளர் இரண்டை எடுத்து வைப்பேன். யாராவது கூப்பிட்டால் டம்ளர் இரண்டும் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே போய்விடும். வீட்டுக்குப் போகும் முன், வாடை தெரியாமல் இருக்க, நான் ஒரு கைப்பிடி சோம்பு மெல்லுவேன். நீ மெல்ல மாட்டாய். எனக்கு அது அப்போது எரிச்சலாக இருக்கும், இவளுக்கென்ன, திரும்பிப் போய்விடுவாள் என்று.

நம் ஊரில் சந்துக்குச் சந்து ஒயின் ஷாப். அங்கே ஒயினைத் தவிர எல்லாம் கிடைக்கும். கேட்டுப் பார்த்தால் கிறிஸ்மஸுக்கு வாங்குகிற தித்திப்புச் சரக்கு ஒன்றைத் தூசி தட்டி எடுத்து நீட்டுவான். ஒயின் என்றால் அதுதான் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அதனால் முதல் தடவை நீ ஊற்றிக் கொடுத்தபோது முகத்தைச் சுளித்தேன். இனிப்பும் இல்லை, ஏறவும் இல்லை, இதையா கடல் தாண்டித் தூக்கிக்கொண்டு வந்தாய் என்று உன்னைத் திட்டினேன். நீ சங்கரா வறுவல் தட்டை என் பக்கம் தள்ளினாய். ஒரு துண்டு மீனைத் தின்றுவிட்டு மறுபடி ஒரு வாய் குடித்தேன். எண்ணெயும் காரமும் நாக்கிலிருந்து கழுவிக்கொண்டு போய், கடைசியில் சுத்தமான கல் ஒன்றை நக்கினது போல ஒரு ருசி நின்றது. லேசான உப்பு. அடுத்த துண்டு மீனுக்குக் கை தானாகப் போனது.

அந்தத் திராட்சைக்குப் பெயர் சில்வானர் என்றாய். அந்த நாட்டிலேயே அதை ரொம்பப் பேர் மதிப்பதில்லையாம். வெளிநாட்டுக்காரர்களெல்லாம் ரீஸ்லிங், ரீஸ்லிங் என்று இன்னொரு திராட்சையைத்தான் கேட்பார்களாம். நீ குடியிருந்த வீட்டம்மாவுக்கு ஆற்றோரச் சரிவில் கொஞ்சம் தோட்டம். லீவு நாளில் நீயும் பழம் பறிக்கப் போவாய். சரிவு முழுக்கச் சிப்பி பதிந்த சுண்ணாம்புக் கல். அதில் ஒரு துண்டைக்கூட எனக்காகக் கொண்டுவந்து காட்டினாய். “ரீஸ்லிங் வந்து நின்னா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்கடி. இவ ஓரமாத்தான் நிப்பா. ஆனா எந்த மண்ணுல நிக்கிறாளோ அந்த மண்ண அப்படியே காட்டிடுவா” என்றாய். திராட்சையை நீ ‘இவ’ என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

நான் விடவில்லை. கல்லின் ருசி எப்படிப் பழத்துக்குள் ஏறும், கதை விடாதே என்றேன். நீ கோபப்படவில்லை. “படிச்சவங்க ஏறாதுன்றாங்க. என் நாக்கு ஏறுதுன்னுது. ரெண்டும் இருந்துட்டுப் போவட்டும்” என்றாய். அங்கே கோடை வருவதற்கு முன் மண்ணுக்குள்ளிருந்து வெள்ளைத் தண்டு ஒன்றைத் தோண்டி எடுத்து, வேகவைத்து, இந்த ஒயினோடு சாப்பிடுவார்களாம். அதைக் கேட்டுவிட்டு அடுத்த லீவில் உனக்காக முருங்கைக்காயைப் பாசிப்பருப்பு போட்டுக் காரமில்லாமல் வைத்தேன். அன்றைக்கு நீ தின்ற வேகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சப்பிப் போட்ட சக்கை தட்டு நிறைய இருந்தது.

கடைசியாக நீ வந்தது லீவில் இல்லை. மார்பில் வந்த கட்டி முற்றிப்போன பிறகு வந்தாய். அப்போதும் பெட்டியில் ஒரு பாட்டில் இருந்தது. உன்னால் குடிக்க முடியவில்லை. “வெச்சிருடி, நான் எழுந்து வந்து ஒடைக்கலாம்” என்றாய். மெஸ்ஸில் அரிசி ட்ரம்முக்குள் அடியில் புதைத்து வைத்தேன். நீ எழுந்து வரவே இல்லை.

உன் கருமாதிப் படையலில் என்ன வைத்தார்கள் தெரியுமா? ஆரஞ்சு கலர் சோடா. நீ வாழ்நாளில் அதைத் தொட்டிருப்பாயா? உன் அப்பாவுக்கு வருஷா வருஷம் குவார்ட்டர் பிராந்தியும் சுருட்டும் தவறாமல் வைக்கிற வீடு. செத்தவருக்குப் பிடித்ததை வைக்க வேண்டும் என்பதுதானே படையல்? பெண்பிள்ளைக்கு மட்டும் என்ன பிடிக்கும் என்று யாரும் கேட்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன், பக்கத்தில் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். வருஷம் முழுக்க அந்த ஆரஞ்சு நிறம் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. முதல் வருஷப் படையலுக்கு உன்னுடையதைத்தான் வைப்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

போன வாரம் காலையிலேயே எழுந்து சங்கரா வறுத்து, முருங்கைக்காயும் சமைத்து, தூக்குவாளியில் போட்டுக்கொண்டேன். பாட்டிலை ட்ரம்மிலிருந்து எடுத்து, ஐஸ் கட்டியோடு ஒரு பையில் வைத்தேன். வீட்டுக்காரர் திருபுவனை கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு என்னை பைக்கில் பாகூருக்குக் கூட்டிப்போனார். பையில் என்ன என்று கேட்டார். படையலுக்கு என்றேன்.

உன் வீட்டுக் கூடத்தில் அப்பா படத்துக்கும் உன் படத்துக்கும் இரண்டு இலை போட்டிருந்தார்கள். அப்பா இலைக்கு முன்னால் பிராந்தி. உன் இலைக்கு முன்னால் அதே ஆரஞ்சு கலர். நான் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வயிறு தட்டையான அந்தப் பச்சைப் பாட்டிலை நிறுத்தினேன். என் வீட்டுக்காரர் பாட்டிலையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். உன் அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டு கிட்டே வந்தார்.

“இன்னாம்மா இது, பொம்பள படையல்ல சரக்கா? ஊரு இன்னா பேசும்?”

“அப்பாவுக்கு வெச்சா பேசாத ஊரு இவளுக்கு வெச்சா பேசுமாண்ணே? பேசட்டும். இத இங்கேந்து எடுத்தா நானும் எழுந்து போயிடுவேன்.”

டம்ளரில் ஊற்றி இலைக்குப் பின்னால் மறைவாக வைக்கலாமே என்று சமாதானம் பேசினார். முடியாது என்றேன். உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அடுப்பங்கரையிலிருந்து வடைத் தட்டோடு வந்த உன் அம்மா பாட்டிலைப் பார்த்தார். ஜெர்மனி எழுத்தைப் படிக்கத் தெரியாவிட்டாலும் அது யாருடைய பாட்டில் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. “அதோட பெட்டிய காலி பண்ணவளே நான்தான். வையிடா” என்று மட்டும் சொன்னார்.

வைக்கச் சொன்னதும் அண்ணனுக்குப் பாசம் பொங்கிவிட்டது. நான் முருங்கைக்காயைப் பரிமாறித் திரும்புவதற்குள் டம்ளரில் பாதிக்கு ஒயினை ஊற்றி, அப்பாவுக்குக் கலக்கிற பழக்கத்தில் சோடாவை உடைத்து மேலே சாய்த்துக்கொண்டிருக்கிறார்! நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. டம்ளரைப் பிடுங்கி முற்றத்தில் கொட்டிவிட்டு, வேறு டம்ளரைக் கழுவி நானே ஊற்றினேன். சோடா இல்லை, ஒன்றும் இல்லை.

கற்பூரம் காட்டி, செத்தவர்கள் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றோம். என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் வரவில்லை. வேப்பமரத்தடியில் தனியாக நின்றார். அவருக்குப் பாதி புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. மீதியைச் சொல்வதா, கலர் குடிக்கிறவள் போலவே இருந்துவிடுவதா என்று அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன்.

கதவைத் திறந்ததும் படைத்ததைப் பங்கிட்டார்கள். அண்ணன் அப்பாவின் பிராந்தியை முடித்துவிட்டு உன் டம்ளரை எடுத்தார். ஒரு வாய் வைத்துவிட்டு, “இன்னாம்மா இது, கல்லு கழுவுன தண்ணியாட்டம் கீது” என்றார். இத்தனை வருஷம் நீ எனக்குச் சொல்லிக்கொடுக்கப் பாடுபட்டதை அவர் ஒரே வாயில் சொல்லிவிட்டார், பார். பிறகு டம்ளரைக் கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றப் போனார்.

“குடுங்கண்ணே” என்று கையை நீட்டினேன். “நானும் அவளும் இதத்தான் குடிப்போம்.”

கூடத்தில் அத்தனை பேர் பார்க்க, உன் மீன் துண்டைக் கடித்துக்கொண்டு, அவசரப்படாமல் குடித்தேன். கண் கலங்கியது. டம்ளர் காலியாகும்வரை கீழே வைக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் என் வீட்டுக்காரர் பேசவில்லை. இன்னமும் சரியாகப் பேசவில்லை. பேசுவார், பேசாவிட்டாலும் போகட்டும். பாட்டிலில் மிச்சம் கொஞ்சம் இருக்கிறது. வீட்டு ஃபிரிட்ஜில், இட்லி மாவுக்குப் பக்கத்தில், கதவைத் திறந்தால் கண்ணில் படுகிற இடத்தில் நிற்க வைத்திருக்கிறேன். சோம்பு மெல்லுவதையும் விட்டுவிட்டேன்.